கை எட்டிய உயரம்

என் நெஞ்சை விட்டு நீங்காத தம்பிக்கு, அக்கா எழுதும் மடல். நலமா என்று கேட்கத் துணிவில்லை. நலமாய் இருக்க வேண்டும் என்று மட்டும் விழைகிறேன்.

உன் மாமாவின், என் கணவரின், இறுதி ஊர்வலம் புறப்பட்ட அன்று தெருமுனை வரை வந்து, தலைகவிழ்ந்து திரும்பிப் போனாயாம், பால்காரர் சொன்னார். தூரிகைகளையும் தெளிப்பானையும் விற்றுவிட்டு, ஏதோ கிடங்கில் மூட்டை சுமக்கிறாயாம். உன் கூட்டாளி சொன்னார். "நான் அடிச்ச பூச்சு மாமாவைக் காப்பாத்தலக்கா" என்று தொலைபேசியில் அழுதாயே, அதன்பின் உன் குரலே இல்லை. அந்தச் சொல்லுக்குத்தான் இம்மடல் மறுமொழி.

படிப்பகத்தின் மரத்தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் நீ அடித்தது தீத்தடுப்புப் பூச்சு. வெப்பம் பட்டதும் நுரையாய்ப் பொங்கி மரத்தைப் போர்த்திக்கொள்ளும் பூச்சு. அதன்மேல் நீர் புகாத மேற்பூச்சும் அடித்தாக வேண்டும். மழைக்காற்றில் மரம் ஈரம் கோத்திருந்ததால், காயட்டும் என்று விட்டு வேறு வேலைக்குப் போனாய். சும்மா போகவில்லை. "நான் வந்து மேல்பூச்சு அடிக்கிற வரைக்கும் இதுல தண்ணி படக்கூடாது மாமா" என்று, படிப்பகக் காப்பாளரான அவரிடம் சொல்லிவிட்டே போனாய்.

நீ போனபின் தூண்களில் வெண்மை பூத்தது. ஈரக்காற்றில் பூச்சின் உப்பே வெளியே கசிந்திருக்கிறது. அவர் கண்ணுக்கு அது அழுக்கு. தூசு படிந்த மேசையில் எவரையும் அமரவிடாத மனிதர், தூணைச் சும்மா விடுவாரா? முக்காலியில் ஏறி ஈரத்துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வெளுத்தது. வெளுக்க வெளுக்கத் துடைத்தார். "என் மச்சான் அடிச்சது மருந்தா, மாவா? போகவே மாட்டேங்குதே!" என்று சிரித்தார். நீ சொன்னதை நினைவூட்டினேன். "தண்ணி ஊத்துனாத்தான் தப்பு. ஈரத்துணிக்கு என்னடி?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மேற்பூச்சு அடிக்க நீ திரும்பி வருமுன்னே, படிப்பகத்தின் பின்கட்டு மின்கம்பியில் நெருப்புப் பிடித்தது. அப்போது எல்லோரையும் வெளியே அனுப்பியவர் அவர்தான். நாளிதழ் அறையில் எவரேனும் தூங்குகிறாரோ என்று பார்க்க மீண்டும் உள்ளே போனார். தூண் முறிந்தது. அந்த அறையில் எவரும் இல்லை, தம்பி.

சென்ற கிழமை தீயணைப்பு அலுவலர் என்னை அழைத்துப் போய்க் காட்டினார். தூண்களின் கீழ்ப்பாதி கரிந்து மெலிந்து கிடக்கிறது. முக்காலியில் நின்றவரின் கை எட்டிய உயரத்துக்கு மேலே, உன் பூச்சு கருநுரையாய்ப் பொங்கி இறுகியிருக்கிறது. சுரண்டினால் உள்ளே மரம் மரமாகவே இருக்கிறது! "கீழ மட்டும் பூச்சே இல்லையே, வேலை செஞ்சவன் ஏமாத்திட்டானாம்மா?" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? வாய் திறந்தால் கணவருக்குப் பழி. வாய் மூடினால் உடன்பிறந்தவனுக்குப் பழி. நடந்ததை நடந்தபடி சொல்லிக் கையெழுத்திட்டேன்.

அன்று முதல் என் மாமியார் என்னோடு பேசுவதில்லை. "மேடை மேடையா முழங்குற வாயி, செத்தவனையே குத்தவாளி ஆக்கிடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார். உண்ட தட்டைக்கூட என் கையில் தருவதில்லை. அவரை நோக என்னால் முடியவில்லை. பெற்ற வயிறு அது.

உன்னை மீட்டுவிட்டேன், தம்பி. அவரை மீட்க என்னால் ஆகவில்லை. தன் சாவைத் தானே துடைத்து வாங்கிக்கொண்டார் என்று தெருவில் பேசுகிறார்கள். ஆயிரம் பேர் நடுவே அஞ்சாது பேசிய எனக்கு, அந்த ஒரு பேச்சை மறுக்க நா எழவில்லை. மறுக்கும் உரிமை ஒருவனுக்கே உண்டு: அந்தப் பூச்சை அடித்தவனுக்கு.

ஆகவே வா. அத்தையின் காலடியில் அமர்ந்து, "எங்க மாமா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல" என்று ஒரு முறை சொல். அந்தத் தாய் அதைக் கேட்கட்டும், நானும் கேட்கிறேன். சாட்சி சொன்ன கண்களுக்கு அழ உரிமை உண்டா என்று தெரியாமல், இன்றுவரை நான் அழாமல் இருக்கிறேன்.

உன் கைகளில் ஒரு குறையும் இல்லை. அவை நெடுங்காலம் நோயின்றி வாழ வாழ்த்தும்,
உன் அக்கா.