ஒரு சென்டிபாய்ஸ் பிளேன்டி

பால் விடாத தேநீர், உங்கள் பிளேன்டி, கொஞ்சம் பிந்தினாலே முகம் சிறுத்துப்போகிற என் தங்க வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மாத்தளையில் நேற்றிலிருந்து மழை. பல்லேபொலையிலிருந்து உங்களுக்குச் சாதிக்காய் விற்கக் கொண்டுவருகிறவர் இன்னும் வாசலில் நின்று "முதலாளி" என்றுதான் கூப்பிடுகிறார், பழக்கதோஷம். அவர் குரல் கேட்டதும் உம்மா எழுந்து அறைக்குள் போய்விடுகிறார்.

நான் அதே கராம்பு எண்ணெய் ஆலையின் ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறேன். எண்ணெய் எவ்வளவு தடிப்பு என்று பார்க்கிற வேலை. அதற்கு அலகு சென்டிபாய்ஸ். தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்று, தேனுக்கு ஆயிரக்கணக்கில் வரும். "தண்ணி தண்ணியா இருக்குண்டு சொல்லவா மகள் சம்பளம் தர்றாங்க?" என்று எத்தனை தரம் கேலி செய்திருப்பீர்கள்!

பக்கவாதம் வந்தபிறகு அந்த அலகு நம் குசினிக்கே வந்துவிட்டது. தண்ணீரோ தேநீரோ அப்படியே குடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும், மாக் கலந்து தேன் பதத்தில் கொடுங்கள் என்றார் டொக்டர். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றாவது கிடைத்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். கஞ்சியாகிப்போன பிளேன்டியைப் பார்த்து நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

"மகள், ஒரு வாய் சும்மா பிளேன்டி தாங்களே."

முடியாது என்பேன். இருமலில் உங்கள் நெஞ்சு இரைவதைக் கேட்டவள் வேறு என்ன சொல்வேன்?

உம்றா போய்வந்த மாமி மக்காவின் புனித ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவந்தபோது அதிலும் மாவைக் கலந்தேன். உங்கள் தங்கச்சிக்கு வந்த கோபம் லேசானதல்ல. நீங்கள் மட்டும் பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடி விழுங்கினீர்கள். அது ஸம்ஸம்முக்காகவா, எனக்காகவா?

கடைசி நாள் டொக்டர், இனி விரும்பியதைக் கொடுங்கள் என்றார். அதன் அர்த்தம் விளங்கியது. கித்துள் கருப்பட்டியோடு பிளேன்டி ஊற்றிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். உங்களுக்கு வாய் திறக்கவில்லை. தாதி பஞ்சை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் ஒற்றினார்.

"இது எப்பவும் செய்யலாமே. வீட்டுல செய்யலியா?"

சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை, வாப்பா. அத்தனை மாதமும் நீங்கள் கேட்ட அந்த ருசியை நாக்கில் தொட்டாவது காட்டியிருக்கலாம்.

பஞ்சை நான் வாங்கிக்கொண்டேன். மேசையில் கிடக்கிற ஒரு தாள் மேசையை அழுத்துவது, அழுத்தத்தை அளக்கிற அலகில், ஒரு பாஸ்கலுக்கும் குறைவு. உங்கள் உதடு பஞ்சை இழுத்த இழுப்பு அவ்வளவுகூட இருக்காது என்று தோன்றியது. ஆனாலும் என் விரலுக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை முதல், பக்கவாத நோயாளிகளின் வீட்டாருக்கு மாக் கலக்கக் காட்டித்தர ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன். மாவை எடுக்குமுன் ஒரு கோப்பை பிளேன்டியையும் கொஞ்சம் பஞ்சையும் மேசையில் வைப்பேன். பிழிந்த பஞ்சால் உதட்டை ஒற்றுவதைத்தான் முதலில் காட்டுவேன். நாக்கு காய்ந்துபோய்க் கெஞ்சுகிற எவருக்கும் என் கண்முன்னே அது கிடைக்காமல் போகாது, இன்ஷா அல்லாஹ்.

இன்னும் உங்களுக்கும் சேர்த்தே தேநீர் ஊற்றிவிடுகிற,
உங்கள் மூத்த மகள்