நான் சொல்லாமல் விட்ட கிளாவர் ராஜா

சங்கரன்கோவில்,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பிரவின்ராஜுக்கு அம்மா எழுதுவது. நீயும் ப்ரியதர்ஷினியும் குட்டியும் அந்தக் குளிர் தேசத்தில் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கோமதி அம்மன் துணை நிற்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் பாதிச் சுகத்தை முழுச் சுகம் என்று சொல்லிச் சொல்லித்தான் காரியம் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறது, அதனால் இந்தத் தடவை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் காகிதமும் கவரும் என்று நினைப்பாய். போனில் பேசினால் அப்பா காதில் விழும். நம் வீட்டில் அடுப்படியில் முணுமுணுத்தால் வாசலில் கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா. எழுதினால் மட்டும்தான் அவருக்குத் தெரியாது. இப்போதும் எனக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் மகளுக்குச் சமையல் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்குக் கண் தெரியவில்லை ஐயா. பதறாதே, மேலே படி.

போன கார்த்திகையிலேயே ஆரம்பித்தது. பேப்பரை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்தார், பிறகு பேப்பரே வேண்டாம் என்றார், நான் அச்சு சரியில்லை போல என்று நினைத்துவிட்டேன். திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனபோது சர்க்கரை கண்ணுக்குள்ளே இறங்கிவிட்டது என்றார்கள். ஊசியும் போட்டாயிற்று, லேசரும் வைத்தாயிற்று, வலது கண்ணில் ஒன்றும் இல்லை, இடது கண்ணில் வெளிச்சமும் ஆள் நிழலும் தெரிகிறது, இருப்பது போகாமல் பார்த்துக்கொள்வோம், போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ் ஏறும் முன்னாலேயே உன் அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது பாத்துக்கோ. கேட்டான்னா வேலையப் போட்டுட்டு ஓடி வருவான்" என்றார். நானும் சரி என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீடியோவில் குட்டியைப் பார்த்து, "ஏட்டி, உனக்குப் பல்லு முளைச்சிட்டா" என்று கேட்டாரே, நீயும் சிரித்தாயே, அது நான் முன்னாலேயே சொல்லிக் கொடுத்தது. அவர் பார்த்தது போனின் வெளிச்சத்தை. அந்தப் பிள்ளையின் முகம் அவருக்கு எப்படி இருக்கும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மூக்கு உன் மூக்கு என்றேன், பாவம் என்றார்.

இனி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன். உன் அப்பா மில் கிளப்பில் ஆபீசர்களோடு பிரிட்ஜ் சீட்டு ஆடியவர், ரிட்டயர் ஆனபின் ஜோடி கிடைக்காமல் விட்டவர். நீ ஹாலந்தில் கற்றுக்கொண்டு, ஆன்லைனில் ஆடலாம் வாங்கப்பா, நீங்கள்தான் என் பார்ட்னர் என்று கூப்பிட்ட நாளில் சட்டையை மாற்றிக்கொண்டு டேப்லெட் முன்னால் உட்கார்ந்த மனிதர் அவர். கண் போனதும் அதை விட மனம் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையிலுள்ள பதின்மூன்று சீட்டையும் மேசையில் விரித்து வைக்கிற டம்மி கையையும் படிப்பேன், ஏலத்தில் யார் என்ன கேட்டார்கள், யார் என்ன போட்டார்கள் என்று சொல்வேன், அவர் மனதிலேயே வைத்துக்கொண்டு இதைப் போடு என்பார், நான் விரலால் தொடுவேன். இப்படித்தான் தைப் பொங்கலிலிருந்து உன்னோடு ஆடினோம். நீ ஒருவரோடு ஆடுவதாக நினைத்தாய், இங்கே இரண்டு பேர் ஒரு ஆளாக உட்கார்ந்திருந்தோம்.

அதில்தான் வந்தது வினை. எனக்குத் தெரிந்த சீட்டாட்டம் இருபத்தெட்டுதான். கல்யாண வீட்டில் நான் கை பிடித்து உட்கார்ந்தால் உன் மாமாமார் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள் என்பது உனக்கே தெரியும். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரியவன், அடுத்து ஒன்பது, ராஜாவும் ராணியும் பாயின்ட் இல்லாத வெறும் தலைகள். அதே பழக்கத்தில் இங்கேயும் ஜாக்கியையும் ஒன்பதையும் முதலில் சந்தோஷமாகச் சொல்வேன், அப்பா தலைக்குள்ளே வரிசையை மாற்றிக்கொள்வார். அதற்கே நேரம் பிடிக்கும். கிளாவரில் என்ன இருக்கு, திரும்பச் சொல்லு என்பார், நான் திரும்பப் படிப்பேன். நீ மாசி மாதமே கேட்டாய், ஏன்பா இவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்று. நெட் இழுக்கிறது என்றார். நானும் பக்கத்திலிருந்து ஆமாம் என்று தலையாட்டினேன், அந்தத் தலையை உடைத்தால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

சித்திரையில் உன் ஆபீஸ் டீமுக்காக ஆடிய அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா ஏலக் கேள்வி சொல்ல வேண்டிய நேரத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, நான் எழுந்து ஓடினேன், அவர் தனியாகத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், நான் வந்தபிறகு பாஸ் என்றார், நான் தொட்டேன். அவ்வளவுதான் நடந்தது. நீ அடுத்து மூன்று ஆட்டின் கேட்டு ஜெயித்ததும் எதிராளி ஆட்டத்தைக் கண்காணிக்கிற டைரக்டரைக் கூப்பிட்டுவிட்டான், கிழவர் வேண்டுமென்றே யோசித்து மகனுக்கு ஜாடை காட்டுகிறார் என்று. எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கடையநல்லூர் யாகூப் பாய், குவைத்தில் கம்பெனிக்காரர்களோடு வருஷக்கணக்காகப் பிரிட்ஜ் ஆடியவர், வீட்டுக்கு வந்தபோது விளக்கினார். முகம் தெரியாத ஆட்டத்தில் தாமதமும் ஒரு பேச்சுதானாம், நேரம் எடுத்துப் பாஸ் சொன்னால் என் கையில் கொஞ்சம் இருக்கிறது என்று பார்ட்னருக்குச் சொன்ன மாதிரியாம், அது கள்ளாட்டமாம். உன் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் உன் பேர் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நீ கோபப்பட்டது தப்பில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை, அதற்கு இரண்டு ஆட்டம் தள்ளி அவர்கள் நாலு இஸ்பேட் கேட்டு ஆடினார்கள். நீ சின்னக் கிளாவர் ஒன்றை இறக்கினாய், டம்மியிலும் சின்னதுதான், அடுத்து அப்பா போட வேண்டும். அப்பா கையில் ராஜாவும் எட்டும் மூன்றும் இருந்தன. நான் அந்தக் கையைப் படிக்கும்போது, "கிளாவர்ல ஒண்ணும் இல்ல, சின்னதுதான்" என்று சொல்லியிருந்தேன். இருபத்தெட்டுப் புத்தி, ராஜாவை ஒரு சீட்டாகவே நான் மதிக்கவில்லை. ஒன்றும் இல்லாதவர் என்ன செய்வார், இருக்கிறதில் சின்னதைப் போடு என்றார், நான் மூன்றைத் தொட்டேன், எதிராளி ஜாக்கியை வைத்தே அந்தப் பிடியை எடுத்துவிட்டான், ஆட்டமும் போயிற்று. சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள், இங்கே சட்டியில் இருந்தும் அகப்பைக்காரி எடுத்துப் போடவில்லை.

உடனே போனில் கூப்பிட்டாய். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். "கிளாவர் ராஜாவ கையில வச்சிக்கிட்டு மூணப் போடுதீங்களேப்பா. மூணாவது கை பெருசு போடணும்னு சின்னப் பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்குக் கவனமே இல்ல. இனிமே ஆட வேண்டாம்பா, என் பேரு கெடுது" என்றாய். ராஜா என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டித் தடவி என் கையைப் பிடித்து அழுத்தினார். "ஆமாய்யா, நான்தான் கவனிக்கல. நீ நல்ல ஆளாப் பாத்துச் சேத்துக்கோ" என்றார். போனை வைத்தபிறகு காப்பி போடு என்றார். திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடி இருந்து, பெற்ற மகனிடமே அவரைக் கவனமில்லாத கிழவர் ஆக்கிவிட்டேனே என்று தினமும் வேகிறேன். அன்றைக்கே நான் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். சத்தியம் பெரிதா பிள்ளை பெரிதா என்று யோசித்தே நாலு மாதத்தை ஓட்டிவிட்டேன்.

நீ பீட்டர் என்ற அந்த டச்சுக்காரரோடு இப்போது ஆடுகிறாய், நன்றாக ஆடு. இங்கே நாங்களும் சும்மா இல்லை. கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகுகிறோம், அதற்குப் பொறுமை ஜாஸ்தி, பால் பொங்கினாலும் யாரையும் கூப்பிடாது. ஏஸ் நாலு, ராஜா மூன்று, ராணி இரண்டு, ஜாக்கி ஒன்று என்று எண்ணி, இஸ்பேடில் தொடங்கிப் பெரிதிலிருந்து சின்னது வரை படிக்க நான் பழகிவிட்டேன், ஜாக்கியை ஒன்று என்று சொல்ல மட்டும் இன்னும் வாய் கூசுகிறது. அப்பா விழுந்த சீட்டு ஒவ்வொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு எதிராளி கையில் எந்த ஜாதிச் சீட்டில் எத்தனை மிச்சம் என்று சொல்கிறார், சொன்னது சொன்னபடி இருக்கிறது. இதைக் காட்டத்தான் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழகுவது கிடையாது. அன்றைக்கு உன் ஆட்டத்தை வேடிக்கை பார்க்கிறோம். குவைத் யாகூப் என்று ஒரு பேர் திரையில் உன் ஆட்ட மேசைக்குப் பக்கத்தில் வாராவாரம் நிற்குமே, அது நாங்கள்தான், பாயிடம் கேட்டு அவர் கணக்கில் போகிறோம். நாலு பேர் கையும் தெரியும், நான் படிக்கிறேன், அப்பா கேட்கிறார். நீ ஜெயித்தால் தொடையில் தட்டிக்கொள்கிறார். குறையும் சொல்வார், இதை உனக்கு எழுதினால் தப்பில்லை. "முதல் சீட்ட டக்குனு போட்டுருதான், பொறவு யோசிக்கான். டம்மி இறங்கினதும் எத்தனை பிடி வரும்னு எண்ணிட்டுல்லா கை வைக்கணும்" என்கிறார். கேள்வி கேட்கும்போது ஒரே கையை இரண்டு தடவை விற்கிறாயாம், ஒருமுறை சொன்ன பலத்தை மறுபடியும் சொல்லி மேலே மேலே ஏறாதே, பாஸ் சொல்வதும் ஆட்டம்தான் என்கிறார். எதிராளி ஆடும்போது பீட்டர் தள்ளுகிற சின்னச் சீட்டைக் கவனி, அவர் அதில்தான் தன் கையைச் சொல்கிறார், நீ உன் சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்கிறார். இதையெல்லாம் உன்னிடமே சொல்லலாமே என்றால், கேட்டால் சொல்லலாம், கேட்காதவனிடம் என்னத்தைச் சொல்ல என்று முடித்துவிடுகிறார்.

ஆகையால் ஐயா, இதைப் படித்துவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. அழுதுகொண்டு போன் பண்ணாதே. பாவம் பார்த்து ஆட வாங்கப்பா என்று கூப்பிட்டால் உன் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார், முகம் பார்க்காமல் இருந்து இருந்து அவர் காது அப்படித் தீட்டிப்போய்விட்டது. உன் கையில் நிஜமாகவே தடுமாறிய ஆட்டம் ஒன்றை எடுத்து, இதில் நான் என்ன போட்டிருக்க வேண்டும்பா என்று கேள். அவர் வாயாலேயே கண்ணைப் பற்றிச் சொல்லட்டும், சொல்லும்வரை பொறு. நான் சத்தியத்தை மீறியதை நானே அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், அது எங்கள் இருவர் பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டத்தில் உன் முறை வந்தபோது நீ வெகுநேரம் ஒன்றும் போடவில்லை. எதிராளி கேள்விக்குறியாகப் போட்டு அனுப்பினான், நான் அதையும் படித்தேன், படித்துவிட்டு, இவனுக்கு என்ன இவ்வளவு யோசனை என்று சலித்துக்கொண்டேன். அப்பா, "சும்மா இரிட்டி. குட்டி அழுதிருக்கும், தூக்கப் போயிருப்பான். கொஞ்சம் பொறுங்க, பிள்ளைக்கு வீட்டுல என்ன சோலியோன்னு அவங்ககிட்ட எழுது" என்றார். வேடிக்கை பார்க்கிறவர்கள் அதில் எழுத முடியாது என்று சொன்னேன்.

ப்ரியாவைக் குளிரில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு நிற்க வேண்டாம் என்று சொல். நீயும் வருஷத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள், இது நம் வீட்டுச் சொத்து, கேட்காமலே வரும். மூன்று பேரும் குறைவில்லாமல் நீடூழி இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப் போடாமல் அப்பாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
இப்போது ஒரு சீட்டும் விடாமல் படிக்கிற
உன் அம்மா
சுப்புத்தாய்