நாடி இல்லாதவன்

தம்பிக்கு,

நேற்று நான் தூங்கும்போது வந்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணன் போயிட்டாரு" என்று ஊரைக் கூட்டிவிட்டாய். இதயத்தில் பொருத்திய பம்ப் ரத்தத்தை நிற்காமல் தள்ளுவதால் என் நாடி கைக்குத் தட்டுப்படாது. டாக்டர் இதை விளக்கிய அன்று வந்திருந்தால் உனக்கும் தெரிந்திருக்கும். "மெஷினை வச்சு எத்தனை நாள் ஓட்டுவாரு?" என்று நீ கேட்டது மட்டும் என் காதுக்கு வந்தது.

ஓட்டுகிறேன். இடுப்பில் பேட்டரியைக் கட்டிக்கொண்டு கடைத்தெரு வரை நடக்கிறேன்.

"நெஞ்சுல காதை வைங்க, மோட்டார் ஓடுது" என்றாள் உன் அண்ணி. வைத்தாய். அதற்குள் நான் விழித்துவிட்டேன், கண்ணைத் திறக்கவில்லை. என் சட்டை நனைந்தது.

அதற்காகப் பழசை மறப்பேன் என்று நினைக்காதே. உன்னோடு போட வேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. போட்டு முடிக்காமல் போகமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா.

உயிரோடிருக்கும்
அண்ணன்