முன்னூறு காஸ்

என் வேலு மாப்ளேக்கு,

எழுதுவது மாடிவீட்டு சரோஜா. சொல்வது நான். நீ போய்ச் சேர்ந்தபின் இந்த வடக்கத்தி ஊரில், கோல் மார்க்கெட் பக்கம் என்னை மாப்ளே என்று கூப்பிட ஒரு வாய் இல்லை. எல்லோருக்கும் நான் பாபாஜி, கிழவன்.

நாற்பது வருஷம் காத்த சத்தியத்தை முந்தாநாள் உடைத்துவிட்டேன். வேறு யாரிடம் போய் ஒப்புக்கொள்வேன்?

நாம் வேலை பார்த்த காலேஜ் லேபில் அன்று உன் உளியின் தலை காளான் மாதிரி விரிந்திருந்தது. "தேய்ச்சுட்டு அடிடா" என்றேன். "ஜல்தி முடிச்சுட்டு டீ குடிக்கலாம், நீ பிடி" என்றாய். ஒரே அடி. தலையிலிருந்து தெறித்த இரும்புச் சில்லு என் இடது கண்ணோரம் இறங்கியது.

உனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். தெரிந்தால் துரத்திவிடுவார்கள் என்று அழுதாய். பிறகு பார்த்தாயே ஒரு வைத்தியம்! லேபின் பெரிய மின்காந்தத்தின் முன்னால் என் முகத்தை வைத்து, "அதுவே இழுத்துரும் மாப்ளே" என்று குமிழைத் திருகினாய். மீட்டரைப் பார்த்துக் காந்தத்தின் பலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாய்: நூறு காஸ், இருநூறு. முன்னூறில் சில்லு உள்ளே புரண்டது. நான் போட்ட கூச்சலில் கரண்டையே நிறுத்தினாய். யாரிடமும் சொல்வதில்லை என்று உன் தலையிலடித்துச் சத்தியம் செய்தேன். என் பெண்டாட்டி கேட்டபோதுகூட, கதவு இடித்தது என்றுதான் சொன்னேன்.

முந்தாநாள் முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போனேன், தனியாகத்தான். படிவம் நிரப்பியது ஒரு தமிழ்ப் பெண். "தாத்தா, ஒடம்புல எங்கயாவது இரும்பு இருக்கா?"

"இல்லம்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம்.

சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒருவன் இன்னொருவனை அதட்டினான்: "பையா, சாவி வெளிய வை, இது மூணு டெஸ்லா காந்த மிஷின்!"

உன் குரல் காதில் கேட்டது. "பத்தாயிரம் காஸ் சேந்தாத்தான் ஒரு டெஸ்லா. நம்ம காந்தமெல்லாம் கைக்குழந்தை மாப்ளே." அப்படியானால் மூன்றுக்கு முப்பதாயிரம். முன்னூறுக்கே துடித்தவன் நான்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. "இருக்கும்மா, கண்ணோரம் இருக்கு" என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மொதல்லயே சொல்றதுக்கென்ன தாத்தா? கண்ணே போயிருக்கும்!" ஓடிப்போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். நொய்யரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பார்த்துக்கொண்டே நின்றேன். உன் கைபட்டதில் மிச்சம் அதுதானே?

"உளி அடிக்கறப்ப தெறிச்சதும்மா" என்றேன். "யாரு அடிச்சது?" என்றாள்.

"நான்தான்மா. உளித்தலையைத் தேய்க்காம அடிச்சேன்."

இதை நம் தமிழ்ச் சங்க மலரில் போடலாமா என்கிறாள் சரோஜா. போடட்டும். வேலை போய்விடுமோ என்று நீ இனி நடுங்க வேண்டாம். ஆனாலும் உன் நிஜப் பெயரை அவளிடமும் சொல்லவில்லை. வேலு என்று நான்தான் வைத்தேன். கோபமா? அந்தச் சில்லும் உன் பெயரும் நான் போகும்போது என்னோடுதான் வரும். இது உன் தலையிலடித்து அல்ல, என் கண்மேல் சத்தியம்.

முன்னூறு காஸ் தாங்காத,
உன் மாப்ளே