மூலைக்குப் போன லென்ஸ்

மார்ச் 4, செவ்வாய்

காண்டாக்ட் லென்ஸ் இன்று மூன்று தடவை நழுவியது. வலது கண்தான். கருவிழியில் உட்கார் என்றால் மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. “பதினஞ்சு நாள்ல பழகிடும்” என்றார் டாக்டர். இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. யார் பழக வேண்டும், லென்ஸா, நானா?

மார்ச் 5, புதன்

“பேசாம பழைய கண்ணாடியவே போட்டுத் தொலையேன்” என்கிறான் அண்ணன். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் நான். பஸ்ஸில் போனால்கூட என் கால் பிரேக்கைத் தேடும். ஓடும் வண்டியில் ஒரு நாளும் கண் அசந்ததில்லை. பழகுகிறவரின் கால் கிளட்சில் இருக்கிறதா, பிரேக்கில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். தலையைத் திருப்பினால் ஏதோ தப்பு என்று பயந்துவிடுவார்கள். கண்ணாடி போட்டால் ஓரமெல்லாம் மங்கல். அந்த ஓரத்துக்காகத்தான் லென்ஸே வாங்கினேன். ஓரமாகப் பார்த்தால் லென்ஸும் கூடவே ஓரத்துக்குப் போகிறது. இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

மார்ச் 7, வெள்ளி

அண்ணிக்கு என்னிடம் பன்னிரண்டாவது டிரைவிங் வகுப்பு. டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில், இரண்டுமே ரிவர்ஸில். இருபதாம் தேதி மூன்றாவது. தேறினால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் வண்டி ஓட்டும் வேலை. மாதக் கடைசி வரைதான் இடம் காத்திருக்கும். “ரோட்ல போறவங்க பாவம், விட்டுடேன்” என்று சாப்பிடும்போது அண்ணன் கிண்டல் செய்தான். அண்ணி சிரித்தார்கள். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை.

இன்றும் ரிவர்ஸ் பழக நட்டிருக்கும் கம்பத்தை வண்டி நெருங்கும் முன்பே “பிரேக்! பிரேக்!” என்று கத்தி, என் பக்கத்து பிரேக்கை நானே மிதித்துவிட்டேன்.

“நீ ஓரமா பாக்கறப்பவே எனக்கு எல்லாம் மறந்துபோகுது” என்றார்கள் அண்ணி.

“லென்ஸ் ஒழுங்கா இருந்தா நான் ஏன் முறைக்கப் போறேன்?” என்று எரிந்து விழுந்தேன். அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

மார்ச் 10, திங்கள்

டாக்டர்: “ஓரமா பாக்காதீங்க, தலையைத் திருப்புங்க. ஏசி முகத்துல அடிக்க வேணாம். நழுவினா கசக்காம சொட்டு மருந்து விடுங்க.”

“கண்ணுக்குப் பின்னாடி போயிடாதே?”

“அங்க வழியே இல்லம்மா.”

வேலையையே விடச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 13, வியாழன்

இன்றும் அண்ணிக்கு வகுப்பு. மேம்பாலத்தின் நடுவில் லென்ஸ் மேல் இமைக்குள் ஏறிவிட்டது. ஒரு கண் எரிந்தால் இன்னொன்றும் சேர்ந்து மூடிக்கொள்கிறது — இரண்டிலும் தாரை தாரையாகத் தண்ணீர். சொட்டு மருந்து? வீட்டில், அலமாரியில், பத்திரமாக! பின்னால் லாரி ஹாரன்.

“அண்ணி, எனக்கு ஒண்ணுமே தெரியல. இங்க நிறுத்த முடியாது. நீங்களே பாத்து ஓட்டுங்க.”

பிரேக்கில் காலை வைத்தேன். எதைப் பார்த்து மிதிப்பது? எடுத்துவிட்டேன். என்ன நடக்கிறதென்றே தெரியாதபோது எதைச் சொல்லிக் கத்துவது? இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி இறங்கியது, திரும்பியது, பின்னால் போனது, நின்றது.

லென்ஸை ஒருவழியாக எடுத்துவிட்டு ஜன்னலோடு ஒட்டிப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் அருகே, இரண்டு கார்களுக்கு நடுவில். ரிவர்ஸில்!

“நீ கத்தலன்னா எனக்கு வருதும்மா” என்றார்கள் மெதுவாக.

என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை வகுப்பிலும் வண்டியை ஓட்டியது நான்தான்.

மார்ச் 18, செவ்வாய்

இப்போதெல்லாம் தலையை முழுக்கத் திருப்பியே பார்க்கிறேன். அண்ணி பயப்படவில்லை. லென்ஸ் இன்று ஒரே தடவைதான் நழுவியது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருப்பது இருக்கிறதே — அது லென்ஸ் போடுவதைவிடக் கொடுமை.

மார்ச் 20, வியாழன்

பாஸ்!

வீட்டுக்கு அண்ணிதான் ஓட்டினார்கள். அண்ணன் முன்னால் ஏறி, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். நான் பின் சீட்டில். மேம்பாலம் ஏறும்போது லென்ஸ் மறுபடியும் மூலைக்குப் போனது. சனியன். சொட்டு மருந்து கைப்பையில்தான் இருந்தது. எடுக்கச் சோம்பலாக இருந்தது. இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.

வீடு வந்ததும் அண்ணிதான் தட்டி எழுப்பினார்கள்.