பதினோரு வினாடி விம்மல்

மார்ச் 4, புதன்

காலையில் ஆறு பேருக்குக் காது பரிசோதனை. ஐந்து பேர் சமத்து. ஆறாவதாக வந்த பெரியவர் கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நான் சத்தமே அனுப்பாதபோதும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஏங்கய்யா இப்படி என்றால், "கேக்கலைன்னு எழுதிடுவியோன்னு பயமா இருந்துச்சும்மா" என்கிறார். மறுபடி முதலிலிருந்து.

மதியம் நம்மாளின் புதுப் பாட்டு வந்துவிட்டது. காலேஜ் பசங்க படம், மூன்றாவது பாட்டு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை, கிளினிக் ஹெட்போனிலேயே கேட்டேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுவிடுகிறது. ஒரு பெண் விம்முகிறாள். பதினோரு வினாடி. பின்னால் எங்கோ ஒரு 'கிரீச்'. கடைசியில் 'ப்பா' என்று ஒரு மூச்சு, அதன்மேல் வயலின் ஏறுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

உடனே ரசிகர் குழுவில் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். அந்தக் கிரீச் ஊஞ்சல் சத்தம், அவள் தனியாக ஆடிக்கொண்டு அழுகிறாள், வெறும் சத்தத்திலேயே ஒரு வீட்டைக் கட்டிவிட்டார் நம்மாளு, இப்படி. மூவாயிரம் பேருக்குப் பிடித்திருக்கிறது. "சுருதி அக்கா காது காதுதான்" என்று ஒருவன். டியூஷன் எடுக்கிற வாத்தியாரும் நானும் சேர்ந்து ஆரம்பித்த குழு. பதினோரு வருஷத்தில் நாற்பதாயிரம் பேர். நம்மாளு என்று அந்த இசையமைப்பாளருக்குப் பேர் வைத்ததே நாங்கள்தான்.

மார்ச் 7, சனி

படம் பார்த்தோம், இவரும் நானும்.

காதலித்தவள் விட்டுப் போகிறாள். அவள் அழுததைக் கதாநாயகன் போனில் பதிவு பண்ணி வைத்திருக்கிறான். காலேஜ் ஒலிபெருக்கியில் அதைப் போட்டுவிடுகிறான். மொத்தக் காலேஜும் சிரிக்கிறது, அவள் நடு மைதானத்தில் நிற்கிறாள், பாட்டு ஆரம்பிக்கிறது. தியேட்டரில் விசில்.

வெளியே வரும்போது இவர் கேட்டார், "அந்தப் பொண்ணு அழறதுக்கு எதுக்கு விசிலடிக்கிறாங்க?" இவர் டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க அடுத்தவர் பிரேக்கை மிதித்துவிட்டு வருகிறவர், சினிமா தெரியாது என்பது என் எண்ணம். "படத்தைப் படமாப் பாருங்க" என்றேன். ஆனால் எனக்கும் வாய் கசந்துதான் இருந்தது.

குழுவில் அடிதடி. படத்தைத் தடை செய் என்று ஒரு கூட்டம். இந்தக் காலத்துப் பசங்க இப்படித்தான், உள்ளதைத்தானே காட்டியிருக்கான் என்று இன்னொரு கூட்டம். 'படம் குப்பை, பாட்டு தங்கம்' என்று எழுதித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பெரிய நாட்டாமை.

மார்ச் 8, ஞாயிறு

மகளும் அவள் வகுப்புப் பெண்கள் மூன்று பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து அந்த விம்மலுக்கு வாயசைத்து வீடியோ எடுக்கிறார்கள். ஊரே செய்கிறதாம். யார் நிஜமாக அழுவது மாதிரி செய்கிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். மகள் கண்ணுக்குக் கீழே தண்ணீரைத் தொட்டு வைத்துக்கொண்டு, "எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

என் பதிவுக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறாள். கூரியர் ஆபீஸில் வேலையாம், முகப்புப் படத்தில் மாலையோடு நிற்கிற ஒரு பூனை. 'அந்த அழுகை என்னுடையது. ஒருத்தருக்கு நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜ். அவர் இந்தப் படத்தில் உதவி இயக்குநர். என்னைக் கேக்கவே இல்லை. தயவு செஞ்சு இதை ஷேர் பண்ணாதீங்க.'

எரிச்சலாக வந்தது. ஒவ்வொரு ஹிட்டுக்கும் யாராவது ஒருவர் கிளம்பிவிடுவார்கள், மெட்டு என்னுடையது, வரி என்னுடையது என்று. நான் பதில் போட்டேன்: 'தங்கச்சி, நம்மாளு ஸ்டூடியோல பாடகிக்கா பஞ்சம்? அழறதுக்கும் உங்க வீட்டு வாசல்லதான் வந்து நிக்கணுமா? மூக்கைத் துடைச்சிட்டுப் போய் பார்சலைப் பாருங்க.'

மார்ச் 11, புதன்

என் பதிலுக்கு நாலாயிரம் சிரிப்புப் பொம்மை. என் வாழ்க்கையில் இவ்வளவு பேர் சிரித்ததே இல்லை.

மார்ச் 12, வியாழன்

எழுதவே கூசுகிறது. நேற்று ராத்திரியிலிருந்து அவளுக்குக் கீழே கொட்டியிருப்பதைப் பார்த்தால் சாக்கடை தேவலை. அவள் கூரியர் ஆபீஸைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'படுக்கையில எப்படிம்மா அழுவே, அதையும் அனுப்பு' என்று ஒருவன். அவன் முகப்புப் படத்தில் இடுப்பில் கைக்குழந்தை. இன்னொருத்தி, பெண்தான், 'இவ அழற லட்சணத்துக்குத்தான் அவன் ஓடியிருப்பான்.' மோசமானவற்றை நீக்க ஆரம்பித்தேன். ஐம்பது, அறுபது. நீக்க நீக்க வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே என் பதில் உட்கார்ந்திருக்கிறது, மூக்கைத் துடைச்சிட்டுப் போ என்று.

அவள் குழுவை விட்டுப் போய்விட்டாள். போவதற்கு முன் எனக்குத் தனியாக ஒரு செய்தி: 'அக்கா, நீங்க காது டெஸ்ட் பண்றவங்கன்னு போட்டிருந்தீங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.' கூடவே ஒரு ஒலிப்பதிவு. நாற்பத்தெட்டு வினாடி.

திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பொய்யாக இருந்துவிடும் என்றா, நிஜமாக இருந்துவிடும் என்றா?

மார்ச் 16, திங்கள்

திறந்தேன். மதியம் ஆள் இல்லாத நேரம், கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு.

"போனை எடு. அப்பா போயிட்டாரு. இங்க யாருமே இல்ல, ஆஸ்பத்திரி வராண்டால நிக்கிறேன். மூடி எடுத்துட்டுப் போறாங்க. போனை எடுடா, தயவு செஞ்சு." அப்புறம் அந்த விம்மல். எனக்கு மனப்பாடமான அதே விம்மல், எங்கே மூச்சு உடைகிறது, எங்கே எச்சில் விழுங்குகிறாள் என்பது வரை. கிரீச். அது ஊஞ்சல் இல்லை. ஸ்ட்ரெச்சர் சக்கரம். அவள் அப்பாவைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

'ப்பா' என்பது மூச்சும் இல்லை. அப்பா. முன்னால் இருந்த 'அ'வை வெட்டிவிட்டார்கள்.

கேவலம் என்னவென்றால், சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த வாயை என்ன செய்ய?

மார்ச் 17, செவ்வாய்

வாத்தியாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "நம்மாளுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த உதவிப் பய கொண்டு வந்து குடுத்திருப்பான்" என்றார்.

"இருக்கலாம். இப்ப தெரியட்டுமே, நாம சொல்லுவோம்."

"அடுத்த வாரம் சனிக்கிழமை வெற்றி விழா. குழு நடத்துறவங்களை மேடைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவர் கையால நமக்கு மரியாதை. பதினோரு வருஷம்மா. அது முடியட்டும், அப்புறம் பேசலாம்."

"செத்துப்போனவரைத் தள்ளிட்டுப் போற சத்தம் சார் அது."

"சரி, நிஜமாவே இருக்கட்டும். நிஜமா இருக்கிறதாலதானே உனக்கே அப்படிச் சிலிர்த்துச்சு?"

நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 18, புதன்

அவளோடு பேசினேன். மன்னிப்புக் கேட்டேன். 'பரவால்லக்கா' என்று சொல்லவில்லை, நல்ல வேளை. "நீங்க எழுதினதை எங்க ஆபீஸ்ல சத்தமா வாசிச்சாங்க" என்று மட்டும் சொன்னாள். இருபத்து மூன்று வயது. அம்மா சின்ன வயதிலேயே இல்லை.

அந்த உதவி இயக்குநரிடம் கேட்டாளாம். "உன் அழுகையைக் கோடிப் பேர் கேக்கிறாங்க, சந்தோஷப்படு" என்றானாம்.

முழுப் பதிவையும் வெளியிட்டால் ஒரே நிமிஷத்தில் எல்லார் வாயும் அடைந்துவிடும் என்றேன். அவள் உடனே, "வேணாம்க்கா" என்றாள். "அப்பா செத்த அன்னிக்கு நான் எப்படி அழுதேன்னு எனக்கே தெரியாது. இந்தப் பாட்டு வந்துதான் தெரிஞ்சுது. பதினோரு வினாடி போனது போதும். மிச்சமாவது என்கிட்ட இருக்கட்டும்."

நானும் அவர்களைப் போலத்தான் யோசித்திருக்கிறேன், நல்ல காரியத்துக்கு என்று.

மார்ச் 20, வெள்ளி

எழுதிப் போட்டுவிட்டேன். சின்னப் பதிவு. 'அந்தப் பெண் சொன்னது உண்மை. மூலத்தை நான் கேட்டேன். அதைக் காட்ட மாட்டேன். அது காதலில் அழுத அழுகை இல்லை, அப்பாவைப் பறிகொடுத்த அழுகை. அவளை முதலில் கேலி செய்தவள் நான். பாட்டிலிருந்து அதை எடுங்கள்.' ஸ்ட்ரெச்சரைப் பற்றி எழுதவில்லை. அவளைக் கேட்டுவிட்டு, அவள் சரி என்ற வரிகளை மட்டும்தான் வைத்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். நீக்கியது வாத்தியார். காரணம்: 'குழுவின் ஒற்றுமைக்கு ஊறு.'

கிளினிக்கின் இணையப் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிகிறது. 'இங்கே காது பார்க்கிற அம்மாவுக்கே காது செவிடு.' காசு வாங்கினேனாம், எதிர் இசையமைப்பாளர் ஆளாம், வயசானதால் பொறாமையாம். போன வாரம் வரைக்கும் அக்கா அக்கா என்று குழைந்தவர்கள். ஒருவனுக்கு அவன் தங்கை கல்யாணத்துக்குப் பாட்டு வரிசை போட்டுக் கொடுத்தேன். அவன்தான் மகளுடைய பள்ளிக்கூடப் பேரைக் கேட்டு எழுதியிருக்கிறான். இவர் அதைப் பார்த்துவிட்டு மகளைத் தானே காரில் கொண்டுபோய் விட்டார், 'பயிற்சி வண்டி' பலகையோடு.

டாக்டர் கூப்பிட்டார். வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். "எழுதினது உண்மையா?" என்றார். உண்மை என்றேன். "அப்ப போய் ரிசப்ஷன் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க. காலையிலேர்ந்து உங்க திட்டையெல்லாம் அதுதான் வாங்கிட்டிருக்கு."

கேட்டேன். "விடுங்கக்கா, நானும் ரெண்டு குடுத்தேன்" என்றாள்.

மார்ச் 28, சனி

வெற்றி விழா. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்தேன். வாத்தியாருக்குச் சால்வை போட்டார்கள். நம்மாளு மைக்கைப் பிடித்து, "அன்பை மட்டும் பரப்புவோம்" என்றார். அவ்வளவுதான். கூட்டம் எழுந்து நின்றது. அப்புறம் பத்தாயிரம் பேர் சேர்ந்து அந்த விம்மலை விம்மினார்கள். மேடையில் இருந்த எல்லார் முகத்திலும் சிரிப்பு.

டிவியை இவர்தான் அணைத்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

அவளுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்து நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். நான் கேட்டதைக் கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். இன்றைக்குப் பார்த்தால் பாட்டு மாறியிருக்கிறது. எல்லா இடத்திலும் விம்மலை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் வைத்திருக்கிறார்கள். அறிவிப்பு இல்லை, மன்னிப்பு இல்லை. என்னமோ முதலிலிருந்தே புல்லாங்குழல்தான் இருந்த மாதிரி.

கேட்டேன். கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை இங்கேயாவது எழுதிவைக்க வேண்டும்: பழையதுதான் நன்றாக இருந்தது.

தூ.

ஏப்ரல் 25, சனி

அவள் கிளினிக்குக்கு வந்தாள். முதன்முதலாக நேரில். ஒல்லியாக, தோளில் கூரியர் பையோடு. இந்தத் தெருவில் ஒரு பார்சல் இருந்ததாம்.

உட்காரச் சொன்னேன். பாட்டு மாறினதைப் பற்றிப் பேசினோம். சந்தோஷமா என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. "இப்பல்லாம் அழுகை வந்தா பாதியிலேயே நிறுத்திடறேன்க்கா" என்றாள். "அந்தப் பாட்டு மாதிரியே வருது. பக்கத்து ரூம்ல இருக்கிறவங்க நான் நடிக்கிறேன்னு நெனச்சுப்பாங்களோன்னு இருக்கு. அப்பாவுக்காக இன்னும் ஒரு தடவைகூட முழுசா அழலை."

கண்ணாடி அறைக் கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே கத்தினால்கூட வெளியே கேட்காது என்றேன். என்னைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள், பையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கதவைச் சாத்தி, உள்ளிருந்து சத்தம் வரும் மைக்கை அணைத்து, நாற்காலியைத் திருப்பிப்போட்டுக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

நாற்பது நிமிஷம். டெஸ்டுக்கு வந்த ஒரு அம்மா அவசரப்பட்டார்கள். மெஷின் கோளாறு என்றேன்.

வெளியே வந்தவள் தண்ணீர் கேட்டாள். இரண்டு டம்ளர் குடித்தாள்.

ஜூன் 13, சனி

வாத்தியாரிடமிருந்து செய்தி, மூன்று மாதத்துக்குப் பிறகு. திரும்பவும் குழுவுக்கு வரலாமே என்று. பதில் போடவில்லை. நீக்கவும் இல்லை.

மத்தியானம் அவள் கூப்பிட்டாள். புதுசாகக் குடிபோன வீட்டில் குழாய் ஒழுகுகிறதாம், நல்ல பிளம்பர் யாராவது தெரியுமா என்று. இவரிடம் டிரைவிங் பழகிய ஒருவர் நம்பரைக் கொடுத்தேன். வண்டி ஓட்டத் தெரியாதே தவிர வேலை சுத்தம் என்றேன், சிரித்தாள். அப்புறம் வீட்டு ஓனரைப் பற்றி, ஆபீஸில் புதிதாக வந்த மேனேஜரைப் பற்றி, பேச்சு எங்கெங்கோ போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் பக்கம் ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என்ன பாட்டு, யார் இசை, நான் கவனிக்கவில்லை.