சாவி இல்லாத காருக்கு ஒரு பூட்டு

உன்னைக் கொன்றது ஆஸ்துமா இல்லை. ரைஸ்மில்காரர் மகன் நம் காரை எடுத்துக்கொண்டு கடலூர் பீச்சுக்குப் போனதுதான் உன்னைக் கொன்றது. இதை வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை.

இன்று மத்தியானம் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயருக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். பிசின் கருகும் வாசனை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. இந்தப் புகை உனக்கு ஆகாது, வெளியே போ என்று எத்தனை முறை விரட்டியிருப்பேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரும்ப வந்து நிற்பாய். "நீ வச்சா அது ஒட்டாது மச்சான்" என்று சால்டரிங் ராடைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாய்.

பண்ருட்டியில் அடிபட்டுக் கிடந்த ஒரு காரின் இன்ஜினை எடுத்துவந்து, தண்ணீர்க் குழாய்களை வெட்டிச் சட்டம் பற்றவைத்து, இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம். பின்னால் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நீள சீட். ஆர்.டி.ஓ.வில் பதிந்து நம்பர் கிடைக்காது என்று தெரிந்துதான் கட்டினோம். ஊர் வரைக்கும் தார் ரோடு, நம் தெருவுக்கு மட்டும் சேறு. ஆம்புலன்ஸ் ஊர் எல்லையில் நின்று போன் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றாய் நீ. போனோம். நான்கு பிரசவத்துக்கு, ஒரு பாம்புக்கடிக்கு.

சாவி வைக்கலாம் என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "சாவி ஒருத்தன் ஊட்ல மாட்டிக்கும். அவன் வேலைக்குப் போயிட்டா? நோவு வந்தவன் சாவிக்காகக் காத்துங்கெடக்கணுமா?" அதனால் ஒரு சுவிட்ச், ஒரு பட்டன். தெருவில் ஓட்டத் தெரிந்த யாரும் எடுக்கலாம்.

தெருவுக்கு வெளியில் இருப்பவனும் எடுக்கலாம் என்று நாம் யோசிக்கவில்லை. மில்காரர் மகன் முதல் முறை எடுத்தபோது நான் சண்டைக்குக் கிளம்பினேன். நீ தடுத்தாய். "கொண்டாந்து உட்டுட்டான்ல, உடு" என்றாய். இரண்டாம் முறையும் அதையே சொன்னாய். அதைப் பெருந்தன்மை என்று நீ நினைத்தாய். கேட்காமல் எடுப்பது அவர்கள் பழக்கம், ஏன் எடுத்தாய் என்று கேட்காமல் இருப்பது நம் பழக்கம் என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய்.

மூன்றாம் முறை உனக்கு மூச்சு முட்டியது. கையிலிருந்த இன்ஹேலர் காலி. நானும் உன் அக்காவும் கார் நிற்கும் ஷெட்டுக்கு ஓடினோம். தரையில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது. பைக்கில் உன்னை நடுவில் வைத்து, பின்னால் அக்கா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நீ சரியச் சரிய மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினேன். "கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாம்" என்றார் டாக்டர். அவ்வளவுதான் சொன்னார். கார் சாயங்காலம் வந்தது, சீட்டெல்லாம் கடற்கரை மணல்.

ஸ்டேஷனில் நான் நீட்டிய பேப்பரை அவர்கள் தொடக்கூட இல்லை. "நம்பரே இல்லாத வண்டிக்கு இன்னா கம்ப்ளைன்ட்டு? மொதல்ல உம்மேலதான் கேஸ் போடணும்" என்றார்கள்.

அதன் பிறகுதான் இம்மொபிலைசர் தேடிப் போனேன். நம் ஆள்தான் என்று தெரியாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத பெட்டி. கடலூரில் கடைக்காரர் முதலில் காட்டியது போனிலிருந்து நிறுத்துகிற வகை. ஓடுகிற வண்டியையும் அணைத்துவிடலாம் என்று பெருமையாகச் சொன்னார். பின்சீட்டில் நோயாளியும் பின்னால் லாரியும் இருக்கும்போது அணைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுத்ததைக் காட்டினார். அது நம்பர் அழுத்துகிற வகை. நம்பரைத் தெருவில் சத்தமாகத்தான் சொல்லிக்கொள்வோம், ஒரே வாரத்தில் மில் வரைக்கும் போய்விடும். கடைசியில் டேக் வகையை எடுத்தேன். பொத்தான் அளவு சில்லு, பட்டனுக்குப் பக்கத்தில் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். ஓடத் தொடங்கியபின் அது எதிலும் தலையிடாது.

ஆறு டேக் கேட்டேன். "ஒரு வண்டிக்கு ரெண்டு போதாதா தம்பி?" என்றார்.

"தெருவுக்கு வேணும்ணே."

மாட்டுவதற்கு மூன்று நாள் ஆனது. காரணம் நீதான். எங்கிருந்தோ கிடைத்த ஒரு சுருள் கறுப்பு ஒயரை வைத்தே வண்டி முழுக்க இழுத்திருக்கிறாய். நிறத்துக்குப் பதில் முடிச்சு: ஸ்டார்ட்டருக்கு ஒன்று, இன்ஜினுக்குப் பொறி தரும் காயிலுக்கு இரண்டு, லைட்டுக்கு மூன்று. இருட்டில்கூடத் தடவிப் பார்த்தால் தெரியும் என்பாய். முதல் நாள் அவசரத்தில் மூன்று முடிச்சு ஒயரை இரண்டு என்று நினைத்து வெட்டினேன். லைட் போனது, இன்ஜின் டேக் இல்லாமலே ஜம்மென்று கிளம்பியது. உன்னைத் திட்டினேன். பிறகு மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அழுக்கைத் துடைத்து, ஒவ்வொன்றாக எண்ணினேன். ஒற்றை முடிச்சையும் இரட்டை முடிச்சையும், டேக்கைக் கண்டால் மட்டும் கரண்ட் விடுகிற ரிலேயில் சேர்த்தேன். இன்று டேக் இல்லாமல் அழுத்தினேன், சத்தமே இல்லை. டேக் வைத்து அழுத்தினேன், கிளம்பியது. ஈயம் ஒட்டிவிட்டது மச்சான்.

ஐந்து டேக்கைப் பகலில் வீட்டில் இருக்கிற ஐந்து பெண்களிடம் கொடுத்தேன். ஒன்று உன் அக்காவிடம். ஓட்டவும் கற்றுக்கொண்டுவிட்டாள். கிளட்ச்சை மட்டும் இன்னும் மிதித்துக் கொல்கிறாள்.

சாயங்காலம் ஆறாவது என் சட்டைப்பையிலும் உன் அக்கா டிரைவர் சீட்டிலும் இருந்தபோது மில்காரர் வந்தார். ஷெட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"பூட்டு போட்டிருக்கியாமே. எங்க ஊட்டுக்கும் ஒண்ணு குடுப்பா. எங்க காரு எப்பவும் மில்லு வேலையா வெளியிலயே கெடக்குது. எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி வருது, ஆத்திர அவசரத்துக்கு ஆவும்."

நீயாக இருந்தால் உடனே கொடுத்திருப்பாய். எனக்கு அந்த மனசு இல்லை. ஆனாலும் அந்தக் கிழவியை நினைத்தபோது முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது, போகமாட்டேன் என்கிறது. டேக்கை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"தர்றேன். நாளைக்கு என்கூட ஸ்டேஷனுக்கு வாங்க. அன்னிக்கு மத்தியானம் இந்த வண்டி யாருகிட்ட இருந்துச்சின்னு உங்க வாயால சொல்லுங்க. சொல்லிட்டு வாங்கிக்குங்க."

அவர் காரைப் பார்த்தார். உன் அக்காவைப் பார்த்தார். வேட்டியைத் தளர்த்தி மறுபடி கட்டினார்.

"யாருகிட்ட இருந்துச்சி? சொல்லுங்க" என்றேன்.